பூட்டிய கோப்பும் தொலைந்த திறவுகோலும்

கதவுக்குப் பூட்டுப் போடுகின்ற மனிதன் கள்வனை மட்டுமே மனத்திற் கொள்கின்றான். திறவுகோல் தன்னிடமிருந்தே தவறிப்போகலாம் என்பதை அவன் பெரும்பாலும் எண்ணுவதில்லை. மரக்கதவாயின் இந்த மறதி பெரிய நட்டத்தைத் தருவதில்லை. கொல்லனை அழைத்துப் பூட்டை உடைத்துவிடலாம். ஆயின், உடைக்கவே முடியாத பூட்டொன்றை மனிதன் ஆக்கிக்கொண்ட பின்னர் அதே மறதி பேரிழப்பாக மாறிவிடுகின்றது. கணினியிலே மறைகுறியாக்கஞ் செய்து வைக்கப்பட்ட கோப்புகளின் நிலை இத்தகையதே.

ஒருவர் தமது காணி உறுதிகளின் படிகள், பிள்ளைகளின் நிழற்படங்கள், பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த குறிப்புகள் ஆகியவற்றைக் கணினியில் வைத்திருக்கின்றார் எனக் கொள்வோம். பிறர் கண்ணிற் படலாகாது எனக் கருதி அவற்றை மறைகுறியாக்கமுஞ் செய்திருக்கின்றார். காலப்போக்கிற் கணினி தளர்கின்றது. தொடங்குவதற்கே நெடுநேரம் எடுக்கின்றது. திருத்துநர் ஒருவரிடம் கொடுக்கின்றார். அவர் பணிசெயல் முறைமையைப் புதிதாக நிறுவித் தருகின்றார். கோப்புகள் வன்தட்டின் வேறொரு பிரிவில் இருந்தமையால் அவற்றில் எவரும் கைவைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால், கோப்புகளின் பெயர்கள் இருக்கின்றன, அளவு இருக்கின்றது, எழுதப்பட்ட திகதியும் இருக்கின்றது. திறக்க முயன்றால் மட்டும், ‘அணுகுவதற்கு அனுமதி இல்லை’ என்னும் பொருள்பட ஓர் அறிவித்தல் திரையிலே தோன்றுகின்றது.

திருத்துநரைக் கேட்டால், “நான் எதனையும் அழிக்கவில்லை” என்கின்றார். அது மெய். உரியவரைக் கேட்டால், “நான் எதனையும் மாற்றவில்லை; முன்னிருந்த பெயரையே கொடுத்தேன், முன்னிருந்த கடவுச்சொல்லையே வைத்தேன்” என்கின்றார். அதுவும் மெய். இருவரும் மெய்யே கூறுகின்றனர்; எனினும் கோப்புகள் திறக்கவில்லை. இப்புதிரை விடுவித்துக்கொண்டால், எப்பொழுது நம்பிக்கை கொள்ளலாம், எப்பொழுது நம்பிக்கையைக் கைவிடவேண்டும் என்பனவும், இவ்விடருக்கு ஆளாகாதிருப்பதற்கு வழி யாது என்பதும் தாமே புலப்படும்.

மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் என்னும் பணிசெயல் முறைமையிலே இவ்விடர் பெரிதும் நேர்வதால் அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கோப்புகளைத் தனித்தனியே மறைகுறியாக்கஞ் செய்யும் வசதி 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 2000 என்னும் பதிப்புடன் வந்தது. அதனைச் சுருக்கமாக ஈ.எப்.எஸ். என்பர். வீட்டுப் பாவனைக்கென விற்கப்படும் பதிப்புகளில் இவ்வசதி இல்லை. அலுவலகங்களுக்கும் தொழில் செய்வோருக்கும் உரிய பதிப்புகளிலேயே உண்டு. இதனைப் பயன்படுத்துவது மிக எளிது. கோப்புறையின் பண்புகளைக் காட்டும் சாளரத்தைத் திறந்து, ஒரு சிறு கட்டத்திலே அடையாளமிட்டால் போதும். அதன் பின்னர் பழைய பதிப்புகளிற் கோப்பின் பெயர் பச்சை எழுத்தில் தோன்றும். பிந்திய பதிப்புகளிற் சிறிய பூட்டுச் சின்னம் ஒன்று தோன்றும்.

இந்த எளிமையிலேதான் இடர் மறைந்திருக்கின்றது. அடையாளமிடும்போது கணினி புதிய கடவுச்சொல் எதனையும் கேட்பதில்லை. அடுத்த நாளும் கேட்பதில்லை. உரியவர் வழமைபோலக் கணினிக்குள் நுழைந்தவுடன் கோப்புகள் தாமாகவே திறக்கின்றன. பூட்டு என ஒன்று உண்டு என்பதே அவருக்கு மறந்துபோகின்றது. ஆனால், அவர் அறியாமலே அந்த நாளில் ஒரு திறவுகோல் செய்யப்பட்டுவிட்டது. அது எங்கே வைக்கப்பட்டது என்பதையும் அவர் அறியார்.

அத்திறவுகோல் எவ்வாறு இயங்குகின்றது? ஒவ்வொரு கோப்புக்கும் கணினி தனித்தனியான ஓர் இரகசிய எண்ணைத் தற்செயலாகத் தெரிந்தெடுத்து, அதனைக் கொண்டு கோப்பிலுள்ள எழுத்துகளையெல்லாம் பொருள் விளங்காத குழப்பமாக மாற்றிவிடுகின்றது. அதே எண்ணைக் கொண்டு மீளவும் தெளிவாக்கலாம். இதனைக் கோப்பின் சிறு திறவுகோல் எனலாம். இந்தச் சிறு திறவுகோலை எங்கே வைப்பது? வேறெங்கும் வைப்பதில்லை; கோப்புடனேயே சேர்த்து வைக்கின்றது. ஆயின், வெளிப்படையாக வைப்பதில்லை. ஓர் உறையிலிட்டு முத்திரை வைத்து ஒட்டிவிடுகின்றது.

அந்த உறையை ஆக்குவதற்கு உதவுவது பொதுத் திறவுகோல் முறை. 1976 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் டிபி, ஹெல்மன் என்னும் இருவர் இக்கருத்தை வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ரிவெஸ்ற், ஷமீர், ஏட்ல்மன் என்னும் மூவர் அதனைச் செயற்படுத்தும் வழி ஒன்றைக் கண்டனர். தெருவோரத்துத் தபாற்பெட்டியை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். அதன் வாய் வழியே எவரும் கடிதத்தைப் போடலாம். எடுக்கக் கூடியவர் திறவுகோல் வைத்திருக்கும் தபாலூழியர் மட்டுமே. போடுவதற்கு உதவுவது பொதுத் திறவுகோல். எடுப்பதற்கு உதவுவது தனித் திறவுகோல். ஒவ்வொரு கோப்பின் சிறு திறவுகோலும் இவ்வாறு உரியவரின் பெட்டிக்குள் இடப்பட்டிருக்கின்றது. உரியவரின் தனித் திறவுகோல் ஒன்றே அவை அனைத்தையும் எடுத்துத் தரவல்லது. ஆயிரம் கோப்புகள் இருப்பினும் அவற்றைக் காப்பது அந்த ஒன்றே.

அந்த ஒன்று இருக்குமிடம் யாது? கோப்புகள் இருக்கும் இடமன்று. பணிசெயல் முறைமை நிறுவப்பட்டிருக்கும் பிரிவிலே, உரியவரின் பெயரால் அமைந்த பயனர் கோப்புறைக்குள், சாதாரணமாகக் கண்ணிற் படாத உள்ளறைகளில் அது வைக்கப்பட்டிருக்கின்றது. அங்கும் அது திறந்தபடி இருப்பதில்லை. உரியவரின் கடவுச்சொல்லிலிருந்தும் அவரது கணக்குக்குரிய அடையாள எண்ணிலிருந்தும் பிறக்கின்ற வேறொரு திறவுகோலால் அது பூட்டப்பட்டிருக்கின்றது. ஆகவே, கடவுச்சொல் கோப்பை நேரடியாகத் திறப்பதன்று. கடவுச்சொல் தனித் திறவுகோலைத் திறக்கின்றது. தனித் திறவுகோல் உறையைத் திறக்கின்றது. உறையிலுள்ள சிறு திறவுகோல் கோப்பைத் திறக்கின்றது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் முழுவதும் பயனற்றதாகின்றது.

இப்பொழுது முன்னைய புதிர் விடுபட்டுவிடுகின்றது. பணிசெயல் முறைமை புதிதாக நிறுவப்படும்போது அது இருந்த பிரிவு பெரும்பாலும் துடைக்கப்படுகின்றது. அதனுடன் பழைய பயனர் கோப்புறையும், அதன் உள்ளறைகளும், அங்கிருந்த தனித் திறவுகோலும் போய்விடுகின்றன. கோப்புகள் வேறு பிரிவில் நலமே இருக்கின்றன. அவற்றைத் திறப்பதற்கு வேண்டியது மட்டும் இல்லை. வீட்டுப் பண்டங்களைப் பத்திரமாக வேறிடத்திலே வைத்துவிட்டுத் திறப்புக்கோவையைப் பழைய வீட்டுடன் இடித்துவிட்ட கதை இது.

முன்னிருந்த பெயரையும் கடவுச்சொல்லையுமே கொடுத்தாரே, அது போதாதோ எனக் கேட்கலாம். போதாது. மனிதரைப் பெயரால் அறிவது மனிதர் வழக்கம். விண்டோஸ் அவர்களை எண்ணால் அறிகின்றது. பணிசெயல் முறைமை நிறுவப்படும்போது அந்தக் கணினிக்கென நீண்ட எண்ணொன்று தற்செயலாகத் தெரிந்தெடுக்கப்படுகின்றது. புதிதாகச் சேர்க்கப்படும் பயனர் கணக்குகள் அவ்வெண்ணின் இறுதியில் 1000 முதலாகத் தொடரிலக்கம் பெறுகின்றன. மறுபடி நிறுவினால் நீண்ட எண் புதிதாகத் தெரிந்தெடுக்கப்படும். ஆகையால், பழைய கணக்கும் புதிய கணக்கும் பெயரில் ஒன்றாயினும், கணினியைப் பொறுத்தவரையில் ஒரே பெயரைக் கொண்ட இரு வேறு மனிதரே. புதியவருக்கெனப் புதிய தனித் திறவுகோல் செய்யப்படலாம். பழையவரின் பெட்டியை அது திறவாது.

இதனை இன்னொரு வகையிலும் நோக்கலாம். இம்முறை எதற்காக ஏற்பட்டது? கள்வன் ஒருவன் வன்தட்டைக் கழற்றிச் சென்று தன்னுடைய கணினியிலே பொருத்தினாலும் கோப்புகளை வாசிக்கலாகாது என்பதற்காகவே ஏற்பட்டது. வெறும் அனுமதிக் கட்டுப்பாடு அவனைத் தடுக்காது. அவனுடைய கணினியில் அவனே நிருவாகி. மறைகுறியாக்கமே அவனைத் தடுக்கின்றது. இனி, உரியவரின் நிலையைப் பார்ப்போம். பழைய வன்தட்டு, புதிதாக நிறுவப்பட்ட முறைமை, பழைய திறவுகோல் இல்லை. கோப்பின் பார்வையில் இதற்கும் கள்வனுடைய கணினிக்கும் வேறுபாடு யாதொன்றும் இல்லை. பூட்டு பழுதடையவில்லை, தன் கடமையைச் செவ்வனே செய்துகொண்டிருக்கின்றது. அது உரியவனை அறியாது, கள்வனையும் அறியாது. திறவுகோலை மட்டுமே அறியும்.

இங்கு ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். ‘அனுமதி இல்லை’ என்னும் அதே அறிவித்தல் மறைகுறியாக்கம் இல்லாத கோப்புகளுக்கும் வருவதுண்டு. பழைய கணக்குக்கு மட்டும் அனுமதி வழங்கப்பட்டிருந்தால் புதிய கணக்கு தடுக்கப்படும். அந்நிலையில் நிருவாகி கோப்பின் உரிமையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டால் அது திறந்துவிடும். இதனைக் கண்ட சிலர் மறைகுறியாக்கப்பட்ட கோப்புக்கும் அதுவே மருந்து எனக் கருதி மணிக்கணக்காக முயல்கின்றனர். உரிமை மாறும், கோப்பு திறவாது. காணியின் உறுதியைப் பெயர் மாற்றி எழுதினாலும் அங்குள்ள இரும்புப்பெட்டியின் திறவுகோல் கைக்கு வந்துவிடாது. ஆகவே, பச்சை எழுத்தோ பூட்டுச் சின்னமோ உண்டா என முதலிற் பார்த்தறிதல் வேண்டும். அவை இல்லையெனின் நோய் எளியது.

திறவுகோல் இல்லாமலே பூட்டை உடைக்க இயலாதா என்பது அடுத்த வினா. 1883 ஆம் ஆண்டிலே, ஒல்லாந்தில் பிறந்து பிரான்சிலே மொழியாசிரியராக விளங்கிய ஒகுஸ்த் கெர்க்கொவ்ஸ் என்பவர் படைத்துறை மறையெழுத்தைப் பற்றி எழுதும்போது ஒரு விதியை வகுத்தார். மறைக்கும் முறை பகைவன் கையில் அகப்பட்டாலும் தீங்கு நேரலாகாது. இரகசியம் திறவுகோலில் மட்டுமே இருத்தல் வேண்டும் என்பது அவ்விதியின் கருத்து. இன்றுள்ள முறைகள் யாவும் இவ்விதியைத் தழுவியவை. முறை உலகறிந்தது, அதனை ஆக்கியவருக்கும் குறுக்குவழி இல்லை. எனவே, உடைக்க விரும்புபவர் இரகசிய எண்ணை ஒவ்வொன்றாக ஊகித்துப் பார்ப்பதே எஞ்சிய வழி.

அவ்வாறு ஊகித்து வென்ற வரலாறும் உண்டு. 1977 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்ட டீ.ஈ.எஸ். என்னும் முறையின் திறவுகோல் 56 இரும இலக்கங்களைக் கொண்டது. 1998 ஆம் ஆண்டிலே தனியார் அமைப்பொன்று இதற்கெனவே இயந்திரமொன்றைச் செய்து 56 மணித்தியாலங்களில் ஒரு திறவுகோலைக் கண்டுபிடித்துக் காட்டியது. அதன் பின்னர், பெல்ஜியத்தைச் சேர்ந்த டேமன், ரெய்மன் என்னும் இருவர் ஆக்கிய முறை 2001 ஆம் ஆண்டில் ஏ.ஈ.எஸ். என்னும் பெயரில் நியமமாகியது. 2002 ஆம் ஆண்டு விண்டோஸ் எக்ஸ்பீக்கு வெளிவந்த முதலாவது திருத்தத் தொகுதி முதலாகக் கோப்புகளைக் காப்பது இதன் 256 இரும இலக்கத் திறவுகோலே. ஓர் இலக்கம் கூடினால் வேலை இரட்டிக்கும். சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல் வைத்துக் கட்டந்தோறும் இரட்டித்துக் கேட்டவனின் கதை யாவரும் அறிந்ததே. அங்கு இரட்டித்தது 63 முறை. அரசனின் களஞ்சியம் போதவில்லை. இங்கோ, 56 இலக்கத்திலிருந்து 256 இலக்கத்துக்குச் செல்ல 200 முறை இரட்டித்தல் வேண்டும். கிடைக்கும் எண் 78 இலக்கங்களை உடையது. மனிதன் செய்யக்கூடிய எந்த இயந்திரமும் அதனை எண்ணி முடியாது. ஆகவே, பூட்டை உடைத்தல் என்னும் பேச்சை விடுத்துத் திறவுகோலைத் தேடுதல் என்பதிலேயே கருத்தைச் செலுத்துதல் வேண்டும்.

தேடுவதற்கு முன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. அது, மேலும் ஒன்றும் செய்யாதிருத்தல். திறவுகோல் இருந்த பிரிவு துடைக்கப்பட்டிருப்பினும், விரைவான முறையில் துடைக்கப்பட்டிருந்தால் பழைய பதிவுகள் வன்தட்டின் மேற்பரப்பிலே சிலகாலம் எஞ்சியிருக்கக்கூடும். அவற்றின்மேற் புதியன எழுதப்படுமுன் மீட்புத்தொழிலில் வல்லோர் அவற்றை எடுத்துத் தருவதுண்டு. புதிய மென்பொருள்களை நிறுவுதலும் கணினியைத் தொடர்ந்து பயன்படுத்துதலும் எஞ்சியதையும் அழித்துவிடும். எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுவகைச் சேமிப்பகங்களில் இந்த நம்பிக்கை மிகக் குறைவு. அழிக்கப்பட்ட இடங்களை அவை தாமாகவே விரைவில் வெறுமையாக்கிவிடுகின்றன. எவ்வாறாயினும், கணினியை நிறுத்திவிட்டு, வன்தட்டு முழுவதையும் அச்சு மாறாமல் வேறொரு தட்டிற் படியெடுத்து, அப்படியின்மீதே முயற்சிகளைச் செய்வது அறிவுடைமையாகும்.

திறவுகோலைத் தேடக்கூடிய வாயில்கள் சில உள. முதலாவது, உரியவர் தாமே முன்னொரு நாள் அதனைப் படியெடுத்து வைத்திருத்தல். விண்டோஸ் விஸ்ராவும் அதன் பின் வந்த பதிப்புகளும் முதன்முறை மறைகுறியாக்கஞ் செய்யும்போது, திறவுகோலைப் படியெடுத்து வைக்குமாறு ஓர் அறிவித்தலைக் காட்டுகின்றன. பலர் அதனைப் பொருட்படுத்தாது மூடிவிடுவர். சிலர் கேட்டபடி செய்து மறந்திருப்பர். பீ.எப்.எக்ஸ். என முடியும் பெயருடைய சிறு கோப்பொன்று பழைய பென்டிரைவிலோ இறுவட்டிலோ இருக்கின்றதா எனத் தேடுதல் வேண்டும். அது கிடைத்து, அதற்கு இட்ட கடவுச்சொல்லும் நினைவிலிருந்தால், அதனை இருமுறை சொடுக்கி உள்ளே சேர்த்தவுடன் கோப்புகள் யாவும் திறந்துவிடும்.

இரண்டாவது, பழைய பயனர் கோப்புறை அழியாதிருத்தல். பிரிவைத் துடைக்காமல் அதன்மீதே நிறுவப்பட்டிருந்தால், பழையன யாவும் ‘விண்டோஸ் ஓல்ட்’ என்னும் கோப்புறைக்குள் ஒதுக்கி வைக்கப்பட்டிருப்பது வழக்கம். பிந்திய பதிப்புகளுக்கு மேம்படுத்தும்போது இது பத்து நாள்களில் தானாகவே அழிக்கப்படுமாதலால், காலந் தாழ்த்தலாகாது. உடனே வேறிடத்திற் படியெடுக்க வேண்டும். அதற்குள், பயனரின் பெயரால் அமைந்த பகுதியிலே ‘கிரிப்டோ’, ‘புரொடெக்ட்’, ‘சிஸ்டம் சர்டிபிகேட்ஸ்’ என மூன்று உள்ளறைகள் உண்டு. முதலாவதிலே தனித் திறவுகோலும், இரண்டாவதிலே அதனைக் காக்கும் தலைமைத் திறவுகோலும், மூன்றாவதிலே சான்றிதழும் இருக்கும். இம்மூன்றும், பழைய கணக்கின் கடவுச்சொல்லும் கைவசமிருந்தால், இதற்கெனவுள்ள மீட்பு மென்பொருள்களால் கோப்புகளைத் தெளிவாக்கலாம். கடவுச்சொல் நினைவில் இல்லையெனின் இம்மூன்றும் இருந்தும் பயன் அரிது.

மூன்றாவது, கணினி முழுவதற்குமான பழைய காப்புப்படி. முறைமையை நிறுவுமுன் எடுத்த முழுப்படி ஒன்று எங்கேனும் இருந்தால், அதனை வேறொரு வன்தட்டில் விரித்து, பழைய கணக்கினுள் நுழைந்து, திறவுகோலை வெளியே எடுக்கலாம். நான்காவது, மீட்பு முகவர். அலுவலக வலையமைப்பிலே இணைந்த கணினிகளில், ஊழியரின் பெட்டிக்குள் இட்ட சிறு திறவுகோலின் இன்னொரு படியை நிருவாகியின் பெட்டிக்குள்ளும் இடும் ஏற்பாடு உண்டு. ஊழியர் விலகினாலும் அலுவலகத்தின் ஆவணங்கள் முடங்கலாகாது என்பதே அதன் நோக்கம். ஆதலால், அலுவலகக் கணினி எனின் நிருவாகியைக் கேட்பதே முதற்படி. தனித்தியங்கும் கணினிகளில், விண்டோஸ் எக்ஸ்பீ முதலாக இவ்வேற்பாடு தானாக அமைவதில்லை.

ஐந்தாவது வாயில் பலரும் எண்ணிப் பாராதது. கோப்பொன்றை மின்னஞ்சலுடன் இணைத்து அனுப்பும்போது அது மறை நீங்கித் தெளிவாகவே செல்லும். உறவினருக்கு அனுப்பிய நிழற்படமும், சட்டத்தரணிக்கு அனுப்பிய உறுதியின் படியும், அச்சகத்துக்கு அனுப்பிய கையெழுத்துப்படியும் அனுப்பியவரின் அஞ்சற் பெட்டியிலே இன்னும் இருக்கலாம். பூட்டிய அறையைத் திறக்க இயலாதபோது, அவ்வறையிலிருந்து முன்னரே வெளியே சென்ற பொருள்களைத் தேடிச் சேர்ப்பதும் ஒரு மீட்பே.

இவற்றோடு தொடர்புடைய வேறொரு விபத்தையும் இங்கு கூறுதல் தகும். கடவுச்சொல்லை மறந்த ஒருவருக்கு நிருவாகி புதிய கடவுச்சொல்லை இட்டுக் கொடுக்கும்போதும் கோப்புகள் திறவாதொழியலாம். தாமே பழைய கடவுச்சொல்லைக் கொடுத்துப் புதியதை இட்டால் கணினி தலைமைத் திறவுகோலைப் புதிய கடவுச்சொல்லாற் பூட்டி வைக்கும். பழையது தெரியாமல் மேலிருந்து மாற்றினால் அதற்கு வழியில்லை. இவ்வாறு நேர்ந்தால் மனந்தளர வேண்டியதில்லை. பழைய கடவுச்சொல் பின்னர் நினைவுக்கு வருமாயின், மீண்டும் அதனையே கடவுச்சொல்லாக ஆக்கிக்கொள்ள, பூட்டு முன்போலத் திறந்துவிடும்.

கோப்புகளைத் தனித்தனியே பூட்டாமல் வன்தட்டின் பிரிவு முழுவதையும் பூட்டும் பிட்லொக்கர் என்னும் முறை, விண்டோஸ் விஸ்ராவுடன் 2007 ஆம் ஆண்டிற் பொதுமக்கள் கைக்கு வந்தது. இதன் நிலை சற்று வேறு. முறைமையைப் புதிதாக நிறுவிய பின்னர், பூட்டிய மற்றைய பிரிவு மீட்புத் திறவுகோலைக் கேட்கும். அது 48 இலக்கங்களாலானது. ஆறு ஆறாக எட்டுக் கூறுகளாய் அமைந்திருக்கும். ஒவ்வொரு கூறும் 11 ஆல் மீதியின்றி வகுபடுவது. அதனால், தட்டும்போது நேரும் பிழையைக் கணினி உடனே கண்டுகொள்ளும். இவ்விலக்கங்கள் கையிலிருந்தால், எந்தக் கணினியில் எத்தனை முறை நிறுவினாலும் கவலையில்லை. அச்சிட்ட தாளிலோ, பென்டிரைவிலோ, உரியவரின் மைக்ரோசொப்ட் இணையக் கணக்கிலோ அவை இருத்தல் கூடும். திரையிலே தோன்றும் அடையாளக் குறியின் தொடக்க எழுத்துகளை ஒப்பிட்டு, பல திறவுகோல்களுள் உரியதைத் தெரிந்துகொள்ளலாம். 2024 ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 11 இன் பதிப்பு, புதிதாக நிறுவப்படும் கணினிகள் பலவற்றிலே இத்தகைய பூட்டைத் தானாகவே இட்டுவிடுகின்றது. ஆகவே, தாம் ஒன்றையும் பூட்டவில்லை எனக் கருதுவோரும் தம் இணையக் கணக்கிலே மீட்புத் திறவுகோல் பதிவாகியிருக்கின்றதா என ஒருமுறை பார்த்துக்கொள்ளுதல் நன்று.

வாயில்கள் யாவும் அடைபட்டுவிட்டால்? அப்பொழுது கோப்புகள் போயின என்பதே உண்மை. இந்த உண்மையை ஏற்பது கடினம். கண்முன்னே பெயர்கள் தெரிகின்றனவே என மனம் வாதாடும். அந்த வாதாட்டத்தைப் பயன்படுத்திக் காசு பறிப்போரும் உளர். திறவுகோலும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம், எதனையும் திறந்து தருவோம் எனக் கூறி முற்பணம் கேட்போரிடம் ஒரு வினாவைக் கேட்டல் போதும்: “திறவுகோலை எங்கிருந்து பெறுவீர்?” இவ்வினாவுக்குத் தெளிவான விடை கூறாதவர் நம்பத்தக்கவரல்லர். எனினும், திறக்க முடியாத கோப்புகளை ஆத்திரத்தில் அழித்துவிடவும் வேண்டா. அவற்றைக் கொண்ட வன்தட்டை எடுத்து வைப்பதற்குச் சிறிதளவு இடமே தேவை. மறந்துபோன பென்டிரைவ் ஒன்று சில ஆண்டுகளின் பின் அலுமாரியிலிருந்து வெளிப்படவுங் கூடும்.

வெள்ளம் வருமுன் அணை கோலுதலே மேலானது. கணினியைத் திருத்தக் கொடுக்குமுன்னர் மூன்று காரியங்கள் செய்தல் வேண்டும். மறைகுறியாக்கப்பட்ட கோப்புகள் எவையெனப் பார்த்தறிதல் ஒன்று. அவற்றின் மறையை நீக்கி வேறொரு தட்டிலே தெளிவான படி எடுத்தல், அல்லது பயனர் கணக்குப் பகுதியிலுள்ள சான்றிதழ் பேணும் வசதியால் திறவுகோலைப் படியெடுத்தல் மற்றொன்று. எடுத்த படி உண்மையில் இயங்குகின்றதா என வேறொரு கணினியிலே திறந்து பார்த்தல் மூன்றாவது. சோதித்துப் பாராத காப்புப்படி, பால் கறந்து பாராத பசுவைப் போன்றது. திறவுகோலின் படியை அதே கணினியில் வைத்தலும் கூடாது. அது பெட்டியின் திறவுகோலைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுவதாகும். திருத்துநரின் கடமையும் ஒன்றுண்டு. பிரிவைத் துடைக்குமுன், “பூட்டிய கோப்புகள் எவையேனும் உண்டா?” என அவர் கேட்பாராயின், அந்த ஒரு கேள்வியால் பலருடைய பல்லாண்டு உழைப்புப் பிழைக்கும்.

இறுதியாக ஒன்று. கணினி புதிதாக நிறுவப்படும்போது உரியவர் தம் கணினிக்கே அயலாராகின்றார். அப்பொழுதேனும் அவர் உயிருடன் இருக்கின்றார், கடவுச்சொல்லை நினைவுகூரலாம், பழைய படிகளைத் தேடலாம். அவர் காலமாகிவிட்டால் அவருடைய மனைவி மக்கள் அத்தகைய அயலாராகவே நிற்பர். தந்தையின் கணினியிலே குடும்பத்தின் நிழற்படங்கள் இருப்பதை அவர்கள் அறிவர், ஒன்றையும் பாரார். முன்னோர் காணி உறுதிகளைத் தகரப்பெட்டியில் வைத்து, அது இருக்கும் இடத்தையும் அதன் திறப்பு இருக்கும் இடத்தையும் நம்பிக்கைக்குரிய ஒருவருக்குச் சொல்லி வைத்தனர். பெட்டி மாறிவிட்டது, அந்த வழக்கம் மாற வேண்டியதில்லை. ஒரு தாளிலே திறவுகோலின் விபரத்தை எழுதி, உறையிலிட்டு, உறுதிகளோடு சேர்த்து வைத்து, அதனை ஒருவருக்கேனும் அறிவித்துவிடுவதற்குப் பதினைந்து நிமிடங்களே செல்லும்.